மேல்கடைவாய்ப் பல்

அரியலூரைத் தாண்டும்போதே அனுசுயாவுக்குப் பல் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. தாகமாக இருக்கிறதே என்று பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள். ஏ.சி. காற்றில் சில்லிட்டிருந்த தண்ணீர் வலது மேல்கடைவாயில் பட்டதுதான் தாமதம், காது வரைக்கும் சுரீரென்று ஏறியது. கண்ணை இறுக்க மூடி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முன்சீட்டில் அவள் கணவர் நல்லுசாமி நல்ல குஷியில் இருந்தார். மகன் கோகுலகிருஷ்ணன் வண்டி ஓட்டினான். ஓசூரில் வேலை. முப்பது தாண்டிவிட்டது. பார்த்த வரன் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிக்கொண்டே போக, ஆண்டிமடத்து மணிமொழிதான் முதன்முறையாக அவன் வாயிலிருந்து "சரிம்மா, பேசுங்க" என்ற வார்த்தையை வரவழைத்தவள். இரண்டு பேரும் போனில் பேசியிருந்தார்கள். அவன் அன்று காலை இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததை அனுசுயா கவனித்திருந்தாள்.

"தரகர் பெரியசாமி சொன்னத மறந்துடாதீங்க" என்றார் நல்லுசாமி. "போன வருசம் சேலத்துப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்து, தட்டுல வச்சதத் தொடாமயே எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். பொண்ணு கறுப்பா இருக்குன்னு அப்புறமா ஆள்விட்டுச் சொன்னாங்களாம். அந்த வூட்டுல அது இன்னும் ஆறாத புண்ணு. வச்சத வழிச்சுச் சாப்புட்டுட்டு வரணும். தெரிஞ்சுதா அனுசுயா?"

"ம்" என்றாள். வாயைத் திறக்கவில்லை. கன்னத்துக்குள் ஒரு கிராம்பு அடங்கியிருந்தது.

தை மாதத்திலிருந்தே இந்தக் கூத்துதான். முதலில் ஐஸ் தண்ணீருக்கு மட்டும் கூசியது. பிறகு இனிப்புக்கு. இப்போதெல்லாம் இனிப்பு பட்டால் வலி உடனே போவதில்லை. உட்கார்ந்து குடித்தனம் நடத்திவிட்டுத்தான் போகிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். கிராம்பு வைத்தாள். பல்லில் ஏதோ அழுக்கு இருக்கிறது போல என்று இன்னும் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் நல்லுசாமி மறுநிமிஷமே பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவார். டாக்டர் பிடுங்கிவிடுவார். பிடுங்கினால் கண் போய்விடும்.

அவளுடைய சின்னம்மா கலியம்மாளுக்கு அப்படித்தான் ஆனது. மேல்பல்லைப் பிடுங்கிவிட்டு வந்த வருஷமே பார்வை மங்கத் தொடங்கி, கடைசியில் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். அனுசுயாவின் வலியும் மேல்பல்லில்தான்.

*

ஆண்டிமடத்தில் மணிமொழியின் அப்பா காசிநாதன் வீட்டு வாசலில் இறங்கியதும் முந்திரிப்பழ வாசனை மூக்கில் ஏறியது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கிராம்பைத் துப்பிவிட்டு அனுசுயா உள்ளே போனாள். சம்பந்தம் பேச வந்த இடத்தில் வாயில் எதையோ அதக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. காசிநாதன் கைகூப்பி உட்காரவைத்தார். அவர் மனைவி வேணி மின்விசிறியை அனுசுயா பக்கம் திருப்பிவைத்தாள். காசிநாதனின் அக்கா ராசாத்தி மட்டும் எதிர்ச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தாள்.

தட்டுகள் வந்தன. கேசரி, மிக்சர், இரண்டு பெரிய முந்திரி பர்பி.

"எங்க கொல்லையில வெளஞ்ச முந்திரிதான் அண்ணி" என்றாள் வேணி. "காலைல நானே கிண்டினேன். ஒண்ணு விடாம சாப்புடுங்க."

அனுசுயா முதலில் மிக்சரை எடுத்து இடது பக்கமாகவே மென்று மென்று தீர்த்தாள். சாப்பிடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியட்டுமே. கேசரியை மெல்லாமல் அப்படியே விழுங்கினாள். நெய் மினுங்கியதால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் பர்பி.

இடது பக்கம் வைத்து ஒரு கடி கடித்தாள். நல்ல பதம். கரைந்த சர்க்கரை நாக்கைத் தாண்டி மறுபக்கம் ஓடியது.

பழுக்கக் காய்ச்சிய ஊசியைப் பல்லுக்குள் இறக்கித் திருகியது போலிருந்தது. கன்னம், காது, நெற்றிப் பொட்டு என்று வலி கிளை பிரிந்து ஓடியது. கால் விரல்கள் தானாக மடங்கின. கண்ணில் நீர் கோத்துவிட்டது. இருமுவதைப் போலக் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய், கடித்த துண்டை அதில் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, காசிநாதனும் நல்லுசாமியும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், மிச்சப் பர்பியையும் அதிலேயே சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். தட்டு காலி. அப்பாடா என்றிருந்தது.

மணிமொழி காபித் தட்டோடு வந்தாள். நல்ல உயரம். தலையைக் குனிந்துகொள்ளாமல் எல்லோரையும் நேராகப் பார்த்துச் சிரித்தாள். காபியைக் கொடுத்துவிட்டு, அனுசுயாவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள்.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று அனுசுயா பதறி எழுந்தாள்.

மடியிலிருந்த கைக்குட்டை நழுவி விழுந்து அவிழ்ந்தது. முழுசாக ஒரு பர்பியும், பல் பதிந்த இன்னொன்றும், எச்சில் துண்டும் தரையில் சிதறின. அதில் ஒன்று உருண்டுபோய் ராசாத்தியின் காலடியில் நின்றது.



"என்னம்மா இது?" என்றாள் ராசாத்தி. "வூட்டுல நாய் வளக்குறீங்களா? அதுக்கா எடுத்துட்டுப் போறீங்க?"

அனுசுயாவுக்கு வியர்த்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள், வாயெல்லாம் வலி, முதலில் நாக்கில் வந்தது பொய்தான்.

"வயிறு... வயிறு கொஞ்சம் சரியில்லீங்க."

"வயிறு சரியில்லாதவங்களா அவ்வளவு மிக்சரயும் காலி பண்ணுனீங்க? எங்க வேணி கை பட்டதுதான் எறங்கலையாக்கும்?"

"அக்கா, சும்மா இரு" என்றார் காசிநாதன். அவர் குரல் சத்தமில்லாமல் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. நல்லுசாமியைப் பார்த்துக் கைகூப்பினார். "புடிக்கலன்னா நேராச் சொல்லிட்டுப் போலாங்க. எங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா இப்படி மறச்சு வச்சு, தின்ன மாதிரி காட்டிக்கிட்டு... வேணாங்க."

வேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மணிமொழி மட்டும் அங்கேயே நின்று, அனுசுயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகுல் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நல்லுசாமி அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

*

கார் உடையார்பாளையம் வந்தது. கோகுல் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினான். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமலே கேட்டான்.

"உனக்கு அந்தப் பொண்ணப் புடிக்கலையாம்மா? புடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அதற்கு மேல் அனுசுயாவால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாகக் கூச்சம், கிராம்பு, சின்னம்மா, கண் எல்லாம் வெளியே வந்தது.

நல்லுசாமி சீட்டில் முழுசாகத் திரும்பிவிட்டார். "அடிப்பாவி! பல்லு வலியா? ஒரு பல்லு வலிக்காடி ஒரு குடும்பத்த அழவச்சுட்டு வந்துருக்க?"

அங்கேயே காசிநாதனுக்குப் போன் போட்டார். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை ராசாத்தி எடுத்தாள். அவர் பல் வலி என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்பீக்கரில் அவள் குரல் கார் முழுக்க நிறைந்தது.

"இங்க வயித்து வலி, ரோட்டுல பல்லு வலியா? அரியலூர் போறதுக்குள்ள காது வலி வந்துருமா? கேட்டுக்கங்க. இந்தப் பொண்ணுக்கு இன்னொரு எடமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லியாச்சு. நீங்க வேற வூடு பாருங்க."

போன் கட்டானது. கோகுல் வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போனதும் அனுசுயா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வூட்டுக்குப் போவாத. நேரா பெரம்பலூருக்கு விடு. பல் டாக்டர்கிட்ட."

*

டாக்டர் ஜோதி சின்ன வயதுக்காரி. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, திரையில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினாள்.

"இதாம்மா சொத்தை. நரம்பு வரைக்கும் போயிருச்சு. அதனாலதான் இனிப்பு பட்டதும் உயிர் போவுது. எத்தனை நாளா பொறுத்துக்கிட்டு இருந்தீங்க?"

 சாய்ந்து கிடந்த நாற்காலியில் அனுசுயாவின் கைகள் இரண்டு பக்கமும் இரும்பைப் பிடித்திருந்தன.

"டீக்குச் சீனி எவ்வளவு போடுவீங்க?"

"நெறையா போட்டாதான் எறங்கும்" என்றார் நல்லுசாமி வாசலிலிருந்து. "காட்டுல வெளஞ்ச வெங்காயத்துக்குத் தாள் அறுக்க உக்காந்தா பக்கத்துல சொம்பு நெறைய டீ. நாள் முழுக்க உறிஞ்சிக்கிட்டே இருப்பா."

"அதுதாம்மா தப்பு. இனிப்ப ஒருவாட்டி சாப்புட்டு முடிச்சுட்டு, வாயக் கொப்பளிச்சிட்டா பல்லு தப்பிச்சுக்கும். நாள் முழுக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தா பல்லு சர்க்கரையிலேயே ஊறுது." டாக்டர் சின்னக் கண்ணாடியை மறுபக்கம் நகர்த்தினாள். "இந்தப் பக்கம் சொத்தை இல்ல. ஆனா தேச்சுத் தேச்சு ஈறு எறங்கிப் பல்லோட வேர் வெளிய தெரியுது. இங்கயும் கூசுமே?"

"கூசும். அதான் இன்னும் நல்லாத் தேச்சேன்."

"பாத்திரம் இல்லம்மா இது, அழுத்தித் தேய்க்க. மெதுவான பிரஷ், கூச்சத்துக்குன்னு இருக்குற பேஸ்ட், ராத்திரியும் ஒருவாட்டி. அது கேக்கும். ஆனா வலது பக்கத்துக்குப் பேஸ்ட்டும் கேக்காது, கிராம்பும் கேக்காது. இன்னைக்கே ரூட் கெனால் ஆரம்பிச்சிடலாம்."

"புடுங்குவீங்களா?"

"இல்ல. உள்ள கெட்டுப்போன நரம்ப மட்டும் எடுத்துட்டுப் பல்லக் காப்பாத்துறது."

அனுசுயா வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தபோது, சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். 

"கண்ணு போயிடும்மா. எங்க சின்னம்மாவுக்குப் போச்சு. நானே பாத்தேன்."

டாக்டர் கையை இழுக்கவில்லை. அப்படியே நின்றாள். "உங்க சின்னம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்துச்சா?"

அனுசுயா யோசித்தாள். சின்னம்மா வீட்டுப் பரணில் மாத்திரை டப்பாக்கள். காலில் ஆறாமல் கிடந்த புண். அரிசிச் சோற்றை ஒதுக்கிக் கேழ்வரகுக் களி தின்றது.

"இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "ரொம்ப நாளா இருந்துச்சு."

"கண்ண வாங்கிட்டுப் போனது அதுவாத்தான் இருக்கணும். பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற. இத இப்படியே விட்டீங்கன்னாதான் சீழ் புடிச்சு முகமெல்லாம் வீங்கும்."

கோகுல் உள்ளே வந்து அம்மாவின் கால்மாட்டில் நின்றான். அனுசுயா டாக்டரின் கையை விட்டாள். ஊசி இறங்கும்போது எதிர்ச்சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இடது கண்ணை மூடிப் பார்த்தாள். முள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. மூக்கு மரத்தது, உதடு மரத்தது, பாதி முகம் தன்னுடையது இல்லை என்று ஆனது. மிஷின் சத்தம் மண்டைக்குள் கேட்டது. வலி மட்டும் எங்கோ போய்விட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வலி இல்லாத ஒரு நிமிஷம். அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது.

*

மறுநாள் காலையில் கன்னம் லேசாக வீங்கியிருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு புடவை மாற்றி நின்றாள்.

"எதுக்குடி?" என்றார் நல்லுசாமி. "அந்தம்மா வாசல்லயே வச்சுக் கிழிச்சுப்புடும். இன்னொருவாட்டி அவமானப்படணுமா?"

"நேத்து அவமானப்பட்டது அவங்க. மத்தியானத்துக்குள்ள போவணும். கெளம்புங்க."

ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தபோது காசிநாதன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துப் புதுக்கோலம் போட்டிருந்தது. உள்ளே நெய் மணத்தது. வாசற்படியில் ராசாத்தி நின்றிருந்தாள்.

"இன்னைக்கு எந்த வலி?"

அனுசுயா படியேறவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னாள். வாய் சரியாகத் திறக்காததால் வார்த்தைகள் குழறின. "அக்கா, நேத்து நான் பொய் சொன்னேன். வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. பல்லுதான். நம்பலன்னா பாருங்க."

சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பிள்ளைக்குப் பெண் கேட்டு வந்தவள் நடுவாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். நல்லுசாமி செருப்பைப் பார்த்தார். ராசாத்தி எதிர்பார்க்கவில்லை. ஒரு படி இறங்கினாள், பிறகு இன்னொரு படி. செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வெளுப்பாக அடைத்த மருந்தும் சிவந்து வீங்கிய ஈறும் தெரிந்தன. விளக்கை அணைத்தாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

கூடத்தில் காசிநாதன் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. "பல்லு வலிக்கறது குத்தமா தங்கச்சி? அதச் சொல்லியிருந்தா வேணி கஞ்சி காச்சிக் குடுத்துருப்பா. பொய்தான் எனக்கு ஆறல."

"ஆறாதுண்ணே. நான் செஞ்சது அப்படித்தான். பல்லப் புடுங்குனா கண்ணு போயிடும்னு பயந்து என் வூட்டுலயே மறச்சேன். அந்தப் பழக்கத்துல இங்கயும் மறச்சுட்டேன்." அனுசுயா கதவோரம் நின்ற வேணியைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க அழுதது ராத்திரியெல்லாம் என் கண்ணுலயே நின்னுச்சு."

 வேணிக்குப் பின்னாலிருந்து மணிமொழி வந்தாள். தலை பின்னாமல், வீட்டுப் புடவையில் இருந்தாள். வரப்போகிறவர்களுக்காக அவள் இன்னும் தயாராகவில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். வலிக்குதுன்னு மாசக்கணக்கா மறச்சீங்களே, உங்க வூட்டுல ஒரு பொம்பள வலிக்குதுன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்களா?"

காசிநாதன் "மணி!" என்று அதட்டினார். அனுசுயா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேப்பாங்கம்மா. கேட்டுட்டா கூட்டிட்டுப் போயிருவாங்களேன்னுதான் சொல்லல. தப்பு என்மேலதான்."

"அவ மேல மட்டும் இல்லம்மா" என்றார் நல்லுசாமி. காலையிலிருந்து அவர் பேசிய முதல் தணிந்த வார்த்தை அதுதான். "மாசக்கணக்கா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்துருக்கா. எதுத்தாப்புலதான் உக்காந்து சாப்புடுறேன். நான் பாக்கவே இல்ல."

மணிமொழி கோகுலைப் பார்த்தாள். அவன் அம்மாவின் மாத்திரைப் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அப்பா, அவங்களுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுங்க."

"கெளம்பியிருப்பாங்கடா."

"இப்ப சொன்னாப் பாதி வழியில திரும்பலாம். வந்துட்டா அவங்களுக்குத்தான் சங்கடம்."

காசிநாதன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "மன்னிச்சுக்கங்க... ஆமாங்க... பொண்ணு முடிவு பண்ணிடுச்சுங்க" என்று அவர் குரல் ஜன்னல் வழியே வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அனுசுயா அப்போதுதான் விட்டாள்.  கோகுல் அவளைக் கைபிடித்து உட்காரவைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ராசாத்தி அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள். கிணற்றடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஊசி ரொம்ப வலிக்குமா?"

"கொசு கடிச்ச மாதிரிதான். ஏன்க்கா?"

ராசாத்தி தன் இடது தாடையைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கும் இந்தப் பக்கம் ரெண்டு வருசமா. வெல்லம் பட்டாப் போதும், சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கும். செங்கப்பொடி வச்சு நல்லாத் தேச்சுப் பாக்குறேன், அப்பவும் போவல. அதான் நேத்து உங்க மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குக் கொஞ்சம்... சரி, அத வுடு. வேணிகிட்ட மூச்சு விட்டுடாத. ஊரெல்லாம் சொல்லிடுவா."

"செங்கப்பொடிய மொதல்ல தூக்கிப் போடுங்கக்கா" என்றாள் அனுசுயா. ராசாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, குழறுகிற வாயால் முடிந்த மட்டும் சத்தமாகக் கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வேணி அண்ணி! இங்க கொஞ்சம் வாங்க!"